திடப்படுத்தலோடு வேதப் படிப்பு முடிந்துவிட வேண்டுமா?

திருமங்கலம் டீச்சர்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்ச நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கிற ஒன்றை இங்கே கேட்கிறேன்.

எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி நன்றாக நடக்கிறது. மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி வைத்தால் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள். அப்புறம் திடப்படுத்தல் வகுப்பு. பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், வினா விடை எல்லாம் மனப்பாடம். பேராயர் வந்து தலையில் கை வைத்து ஜெபிக்கிறார், பிள்ளை முதல் தடவையாகத் திருவிருந்தில் கலந்துகொள்கிறது. வயது பதினாலு, பதினைந்து. அதோடு சரி. அதற்குப் பிறகு ஒருவர் எழுபது வயது வரை அதே சபையில் இருந்தாலும், பிரசங்கம் கேட்பதைத் தவிர, யாரும் அவருக்கு எதையும் முறையாகச் சொல்லிக்கொடுப்பதில்லை.

என் மகன் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறான். கைபேசியில் ஆங்கில வேதாகமம் படித்துக்கொண்டிருந்தவன், மாற்கு 16ஆம் அதிகாரத்தில் ஒரு அடிக்குறிப்பைப் பார்த்திருக்கிறான். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 9 முதல் 20 வரை உள்ள வசனங்கள் இல்லை என்று அதில் இருந்தது. "அப்படியென்றால் இது யாரோ பின்னால் சேர்த்ததா அம்மா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. சபையில் பொறுப்பில் உள்ள ஒருவரிடம் அனுப்பினேன். "இப்படியெல்லாம் தோண்டினால் விசுவாசம் போய்விடும், ஜெபம் பண்ணு தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பையன் அதற்கப்புறம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பெரியவர்களுக்கென்று தொடர்ச்சியான வேதப் படிப்பு உங்கள் சபையிலோ பங்கிலோ நடக்கிறதா? எப்படி ஆரம்பித்தீர்கள்? மதுரைப் பக்கம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வைகைக்கரை

அக்கா, உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேதுருவும் யோவானும் ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னால் நின்றபோது, அவர்கள் படிப்பறியாதவர்கள் என்று கண்டுதான் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள் (அப். 4:13). கர்த்தர் மீன் பிடிக்கிறவர்களைக் கூப்பிட்டார், வேதபாரகரைக் கூப்பிடவில்லை. பரிசுத்த ஆவியானவர் "எல்லாவற்றையும் உங்களுக்குப் போதித்து" நடத்துவார் என்று யோவான் 14இல் வாக்கு இருக்கிறது. "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" என்று பவுலே எழுதியிருக்கிறார்.

நான் பார்த்த வரை, நிறையப் படித்தவர்கள்தான் சபைகளில் கட்சி கட்டுகிறார்கள். ஒரு வசனத்துக்கு நாலு விளக்கம் சொல்வார்கள். பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் எட்டிப்பார்க்க மாட்டார்கள். எங்கள் சபையில் எழுத்துக்கூட்டி மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு அம்மா இருக்கிறார். ராஜாஜி மருத்துவமனையில் யாராவது நம் ஆள் படுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டால் தூக்குவாளியில் கஞ்சியோடு போய் நிற்பார். அவருக்கு மாற்கு 16இல் அடிக்குறிப்பு இருப்பது தெரியாது. அதனால் அவருக்கு என்ன குறை?

பசுமலை வாத்தியார்

இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தத் தம்பியின் கேள்வி, ஏனென்றால் அது பதில் உள்ள கேள்வி. சீனாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி என்ற இரண்டும் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள். இரண்டிலும் மாற்கு 16:8 உடன் நின்றுவிடுகிறது. பிற்காலப் பிரதிகளில் பெரும்பாலானவற்றில் 9 முதல் 20 வரை இருக்கிறது. இன்னொரு பக்கம், ஏறக்குறைய கி.பி. 180இல் எழுதிய இரேனியு என்ற பேராயர் 16:19ஐ மாற்குவின் வசனமாகவே எடுத்துக் காட்டுகிறார். ஆகவே அந்தப் பகுதியும் மிகப் பழையதுதான். ஆனால் அதன் நடை மாற்குவின் மற்றப் பகுதிகளின் நடையிலிருந்து வேறுபடுகிறது. மாற்கு 8ஆம் வசனத்தோடு வேண்டுமென்றே நிறுத்தினாரா, கடைசி ஏடு தொலைந்துபோனதா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

இதனால் உயிர்த்தெழுதல் ஆட்டம் காண்கிறதா? இல்லை. "அவர் உயிர்த்தெழுந்தார்" என்பது 6ஆம் வசனத்திலேயே இருக்கிறது. 1 கொரிந்தியர் 15ஐப் பவுல் எழுதியது ஏறக்குறைய கி.பி. 55இல், பொதுவாக மாற்குவுக்குச் சொல்லப்படும் காலத்துக்கு முன்பு. தம்பியிடம் இதை அப்படியே சொல்லுங்கள். அடிக்குறிப்பு போட்டவர்கள் விசுவாசத்தைக் கெடுக்க வந்தவர்கள் இல்லை, கைக்குக் கிடைத்த ஒவ்வொரு பிரதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து நேர்மையாகச் சொன்னவர்கள்.

இப்போது வைகைக்கரை தம்பிக்கு. பேதுரு படிப்பறியாதவர் என்று சொன்னது யார்? சங்கத்தார். எருசலேமின் ரபீமார்களிடம் பாடம் கேட்காதவர் என்பது அவர்கள் கணக்கு. அதே வசனத்தின் முடிவையும் படியுங்கள், அவர்கள் இயேசுவோடிருந்தவர்கள் என்று அறிந்துகொண்டார்கள் என்று இருக்கிறது. இராப்பகலாக ஒரு போதகரோடு நடந்து, உவமை கேட்டு, "இதன் கருத்து என்ன" என்று தனியாகப் போய்க் கேட்டு, திட்டும் வாங்கி, மறுபடியும் கேட்டவர்கள் அவர்கள். அதைவிடப் பெரிய படிப்பு எது? யோவான் 14:26இல் ஆவியானவர் போதிப்பார் என்பதோடு, இயேசு சொன்னதையெல்லாம் நினைப்பூட்டுவார் என்றும் இருக்கிறது. காதில் விழாத ஒன்றை எப்படி நினைப்பூட்டுவது?

1 கொரிந்தியர் 8:1 சொன்னீர்கள். அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். "ஒருவன் தான் ஏதேனும் அறிந்துகொண்டவனென்று எண்ணிக்கொண்டால், ஒன்றையும் அறியவேண்டியபடி அவன் இன்னும் அறியவில்லை." பவுல் கண்டிப்பது படித்து முடித்துவிட்டதாக நினைக்கிறவனை. நான் 34 வருடம் பள்ளியில் வேலை பார்த்தவன். இறுமாப்பு வருகிறது என்றால் அது பெரும்பாலும் அரைகுறையாகப் படித்து நிறுத்திய இடத்தில்தான் வருகிறது. தொடர்ந்து படிக்கிறவனுக்குத் தனக்குத் தெரியாதது எவ்வளவு என்று தெரிந்துகொண்டே இருக்கும்.

பவுலையே பாருங்கள். மரண தண்டனைக்குக் காத்திருக்கிறார். "நான் தேகத்தை விட்டுப் பிரியும் காலம் வந்தது" என்று எழுதுகிறார். அதே அதிகாரத்தில் தீமோத்தேயுவுக்கு ஒரு வேண்டுகோள்: துரோவாவில் வைத்துவந்த "மேலங்கியையும், புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும், நீ வருகிறபோது எடுத்துக்கொண்டுவா." குளிருக்கு ஒரு அங்கி, அப்புறம் புத்தகம். ஆங்கிலத்தில் வேதாகமத்தை மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேல் 1535இல் பெல்ஜியத்துச் சிறையில் இருந்தபோது எழுதிய ஒரு கடிதம் கிடைத்திருக்கிறது. கதகதப்பான தொப்பியும் அங்கியும் கேட்கிறார், கூடவே எபிரெய வேதாகமம், எபிரெய இலக்கணம், அகராதி. அடுத்த வருடம் அவரைக் கொன்றார்கள். சாகப்போகிற மனிதன் இலக்கணப் புத்தகம் எதற்குக் கேட்கிறான்? இந்தக் கேள்வியை நான் பல வருடம் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். ஒரு பெண் சொன்ன பதிலை இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்: "அவருக்கு அது வேலைக்கான படிப்பு இல்லை சார், அவர் நேசித்தவரைப் பற்றிய படிப்பு."

ஞானஒளிவுபுரம்

இயேசுவுக்கே புகழ். கத்தோலிக்கர் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை.

நீங்கள் சொல்லும் அதே பிரச்சினை எங்களிடமும் உண்டு டீச்சர். ஞாயிறு மறைக்கல்வி, புதுநன்மை (முதல் திருவிருந்து), உறுதிபூசுதல் (உங்கள் திடப்படுத்தல்). அதோடு மறைக்கல்விப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். எங்களுக்கு இன்னொரு கூடுதல் சுமையும் இருந்தது. என் பாட்டி காலத்தில் விவிலியம் சாமியார் படிக்க வேண்டியது, நமக்குச் செபமாலை போதும் என்ற எண்ணம் வீட்டுக்கு வீடு இருந்தது. உலகெங்கும் உள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு அதை மாற்றியது. எல்லா விசுவாசிகளும் அடிக்கடி மறைநூலைப் படிக்க வேண்டும் என்று அது வற்புறுத்துகிறது. "மறைநூலை அறியாமை கிறிஸ்துவை அறியாமை" என்ற புனித எரோணிமுவின் வார்த்தையையும் அங்கேதான் எடுத்துச் சொல்கிறார்கள். இத்தனைக்கும் எரோணிமு எபிரெயம் கற்கத் தொடங்கியது வளர்ந்த பிறகு, யூத ஆசிரியர்களிடம். 1995இல் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வந்தபோது நம் இரண்டு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உழைத்தார்கள் என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும் விஷயம்.

மதுரைக்காரர்கள் படிப்பைப் பற்றிப் பேசினால் இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தே நொபிலியை விட்டுவிட முடியாது. 1606இல், 29 வயதில் இங்கே வந்தார். பெரிய குடும்பம், ரோமில் இறையியல் முடித்தவர். வந்த இடத்தில் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார். தமிழ், தெலுங்கு, வடமொழி மூன்றையும் கற்றார். வடமொழியைச் சிவதர்மர் என்ற பிராமண அறிஞரிடம் மாணவனாக இருந்து படித்தார். அப்புறம் தமிழ் உரைநடையில் ஞானோபதேசம் எழுதினார். மக்கள் அவரைத் தத்துவ போதகர் என்றே அழைத்தார்கள். போதகர் என்ற பெயர் கிடைப்பதற்கு முன் எத்தனை பேரிடம் மாணவராக இருந்தார் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

மேலூர் வாசகர்

ஞானஒளிவுபுரம் ஐயா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கதையின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும்.

நொபிலி சாதி வேறுபாட்டை ஏற்றுக்கொண்டுதான் வேலை செய்தார். தன்னை உயர்ந்த குலத்தவராகக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே மதுரையில் இருந்த பரவ கிறிஸ்தவர்களின் ஆலயத்திலிருந்து விலகி வாழ்ந்தார். பிறகு கத்தோலிக்க மதுரை மிஷனில் மற்றச் சாதியினருக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் ஏற்பட்டார்கள். யார் யாரிடம் கற்கலாம், யாரோடு உட்கார்ந்து கற்கலாம் என்ற கேள்வி கிறிஸ்தவத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. அது இன்றும் முழுசாக வெளியேறவில்லை.

எங்கள் ஊரில் என் பாட்டனாருக்கு முதல் எழுத்து கற்றுக்கொடுத்தது ஒரு உபதேசியார், அதாவது கிராமத்துச் சபை ஊழியர். அதற்கு முன் எங்கள் தெருவில் ஒருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது, கற்றுக்கொள்ள விட்டதும் இல்லை. பாட்டனார் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் புத்தகம் மத்தேயு சுவிசேஷம். அதைப் படித்த அதே கண்ணால்தான் பிறகு கடன் பத்திரத்தையும் படித்தார், வட்டிக்காரர் எழுதியிருந்த தொகை தவறு என்று கண்டுபிடித்தார். எங்கள் வீட்டில் வேதப் படிப்பையும் எழுத்தறிவையும் உரிமையையும் யாரும் பிரித்துப் பேசியதே கிடையாது.

அதனால் "படிப்பு எதற்கு, ஆவியானவர் போதும்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. எங்களுக்கு ஆயிரக்கணக்கான வருடம் சொல்லப்பட்டது அதுதான், வேறு வார்த்தைகளில். வைகைக்கரை அண்ணன் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்று தெரியும். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்கப் படிப்பது என்பதை ஒரு பக்திப் பழக்கமாக மட்டும் நான் பார்க்கவில்லை. நமக்குப் போதிக்கப்படுவது சரியா என்று நாமே சோதித்துப் பார்க்கும் அதிகாரம் அது. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்று வேதம் சொல்கிறது (அப். 17:11). அப்போஸ்தலனையே சோதித்துப் பார்க்கலாம் என்றால், தொலைக்காட்சியில் "இந்த எண்ணெய்யைத் தடவினால் கடன் தீரும்" என்கிறவரைச் சோதிக்கக் கூடாதா? படிக்காத சபையைத்தான் அவர்கள் தேடி வருகிறார்கள்.

ஞானஒளிவுபுரம்

மேலூர் தம்பி, நீங்கள் எழுதியது உண்மை. எங்கள் பங்குகளில் இதைப் பேச வேண்டிய அளவுக்கு இன்னும் பேசவில்லை என்பதும் உண்மை. நொபிலியை மாணவராகப் பார்ப்பது போலவே அவர் எங்கே தவறினார் என்பதையும் சேர்த்துத்தான் கற்க வேண்டும். அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேரும் சிறு குழு) இந்தப் பாதியையும் எடுத்துவைக்கிறேன்.

நைட் டூட்டி நர்ஸ்

எல்லாரும் பெரிய விஷயங்கள் பேசுகிறீர்கள், படிக்க நன்றாக இருக்கிறது. எனக்கு நடைமுறைக் கேள்வி. வாரத்தில் பாதி இரவுப் பணி. வீட்டுக்கு வந்தால் சமையல், பிள்ளைகள், மாமியாருக்கு மருந்து. வேதத்தைத் திறந்தால் இரண்டாவது வசனத்தில் கண் சொக்குகிறது. "தினமும் அதிகாலையில் ஒரு மணி நேரம்" என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் குற்ற உணர்ச்சிதான் மிச்சம். என்னைப் போன்றவர்களுக்குப் படிப்பு என்பது என்ன?

பசுமலை வாத்தியார்

அம்மா, முதலில் அந்தக் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள். இரவெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவரிடம் கர்த்தர் கணக்குக் கேட்பார் என்று நான் நம்பவில்லை.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். புதிய ஏற்பாட்டில் மொத்தம் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து என்றால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும், வாரத்தில் இரண்டு நாள் ஓய்வும் உண்டு. ஒரு அதிகாரம் கேட்க ஐந்தாறு நிமிடம். இப்போது தமிழில் ஒலி வேதாகமம் கைபேசியிலேயே கிடைக்கிறது. பேருந்தில் போகும்போது காதில் மாட்டிக் கேட்கலாம். ஆதித் திருச்சபையில் பெரும்பாலானோர் வேதத்தைக் காதால்தான் படித்தார்கள். பவுலின் கடிதங்கள் சபையில் வாசிக்கக் கேட்பதற்கென்றே எழுதப்பட்டவை.

ஒரு கேள்வி மட்டும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதில் எது புரியவில்லை? அதை வாரத்துக்கு ஒன்று எழுதி வைத்தால் போதும்.

உசிலம்பட்டிப் பேத்தி

காதால் படிப்பது என்றதும் எங்கள் அம்மாச்சி நினைவு வந்துவிட்டது. அவருக்கு எழுத்தே தெரியாது. ஆனால் கீர்த்தனைகள் நூற்றுக்கணக்கில் தெரியும், ராகத்தோடு. தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டில் ஆதாம் ஏவாளிலிருந்து சிலுவை வரை எல்லாம் வந்துவிடும். எங்களுக்கு ஆபிரகாம் கதையும் யோசேப்பு கதையும் முதலில் பாட்டாகத்தான் வந்தது. களை எடுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பாடுவார்கள்.

சாஸ்திரியாரின் பாடல்களைத் தேடித் தொகுத்து 1853இல் அச்சில் கொண்டுவந்தவர் நம் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அந்தத் தொகுப்பு எங்கள் அம்மாச்சி வாய்க்கு எப்படியெல்லாம் வந்து சேர்ந்திருக்கும் என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. அம்மாச்சியிடம் "யோபுவுக்கு ஏன் அப்படி நடந்தது?" என்று நான் சிறு வயதில் கேட்டபோது, அவர் தட்டிக்கழிக்கவில்லை. "நானும் அதைத்தான் இத்தனை வருசமா யோசிக்கிறேன்" என்றார். எழுபது தாண்டியவர் சொன்னது அது. வைகைக்கரை அண்ணன் சொன்ன கஞ்சி கொண்டுபோகும் அம்மாவும் இப்படித்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். எழுத்துப் படிப்பு இல்லாமல் இருக்கலாம், யோசிப்பது நின்றிருக்காது.

வைகைக்கரை

தங்கச்சி சொன்னதையும் மேலூர் தம்பி சொன்னதையும் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். "படிப்பு எதற்கு" என்ற வார்த்தை யார் காதில் எப்படி விழும் என்பதை இப்போது புரிந்துகொள்கிறேன்.

ஆனாலும் என் அடிப்படைக் கவலையை விடவில்லை. திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள் என்று யாக்கோபு சொல்கிறார். நம் ஊரில் வேதாகம வினாடி வினா வைத்தால் மெத்தூசலா எத்தனை வருடம் வாழ்ந்தார் என்று நொடியில் சொல்கிறார்கள், 969. முதல் பரிசு வாங்குகிறார்கள். அந்தப் படிப்பு ஒருவரையாவது மாற்றியதா? டீச்சர் அக்கா ஆரம்பிக்கப்போகும் வகுப்பு இன்னொரு வினாடி வினாவாக ஆகிவிடக் கூடாது. அதை மட்டும் உறுதிசெய்தால் நானும் வந்து உட்காருகிறேன்.

அரசரடி மாணவர்

வணக்கம். இறையியல் படிக்கிறேன், அதனால் இந்த இழையை ஆவலாகப் பின்தொடர்ந்தேன். வைகைக்கரை அண்ணன் கேட்பது மிக முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன்.

தகவல் சேர்ப்பதும் கற்பதும் எங்கே பிரிகின்றன என்பதற்கு அப். 8 நல்ல இடம். எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயா வாசிக்கிறார். பிலிப்பு ஓடிப்போய், "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா" என்று கேட்கிறார். ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று அந்தப் பெரிய அதிகாரி வெட்கப்படாமல் சொல்கிறார். பிலிப்புவை ஏறி உட்காரச் சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே ரதத்தில் உட்கார்ந்து ஒரே பகுதியைப் படிக்கிறார்கள். அந்த வாசிப்பு தண்ணீர் உள்ள இடத்தில் ஒரு முடிவெடுப்பதில் போய் நிற்கிறது. அப்பொல்லோவும் அப்படித்தான். வேதாகமங்களில் வல்லவர் என்று பேர் வாங்கியவர், கூடாரம் செய்து பிழைக்கிற ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியிடம் மீதியைக் கற்றுக்கொள்கிறார். ஒரு பெண்ணிடமும் தொழிலாளியிடமும் கற்க ஒரு பெரிய பிரசங்கியார் தயாராக இருந்தார் என்பதை நம் சபைகள் இன்னும் கவனிக்கவில்லை.

நம் ஊரின் வசதியைப் பற்றியும் சொல்கிறேன். திருமங்கலத்தில் 1842இல் தொடங்கி, 1845இல் பசுமலைக்கு மாறிய மிஷன் பள்ளிதான் பிறகு 1881இல் அமெரிக்கன் கல்லூரியாக வளர்ந்தது. அது முதலில் உபதேசிமார்களையும் ஆசிரியர்களையும் பயிற்றுவிக்க ஏற்பட்டது. டீச்சர், உங்கள் ஊரில்தான் விதை விழுந்திருக்கிறது. அரசரடியில் 1969 முதல் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது, தமிழிலேயே இறையியல் கற்பிக்கிற இடம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விரும்புகிறவர்களுக்குச் செராம்பூர் இறையியல் பல்கலைக்கழகத்தின் வெளிநிலைப் படிப்புகள் உண்டு. பட்டயமும் உண்டு, பட்டமும் உண்டு. ஆயராகப் போகிறவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். வங்கி ஊழியர், இல்லத்தரசி, ஓய்வுபெற்றவர் யாரும் படிக்கலாம்.

நைட் டூட்டி நர்ஸ்

பிரிஸ்கில்லாவைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி தம்பி. பண்டித ரமாபாயைப் பற்றி நான் நர்சிங் படிக்கும்போது விடுதியில் ஒரு அக்கா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏற்கெனவே வடமொழியில் பண்டிதை என்று பட்டம் வாங்கியவர். கிறிஸ்தவரான பிறகு, மராத்திப் பெண்களுக்குப் புரிகிற மொழியில் வேதம் வேண்டும் என்று எபிரெயமும் கிரேக்கமும் கற்று, முழு வேதாகமத்தையும் தானே மொழிபெயர்த்தார். 1922இல் இறக்கும் வரை அந்த வேலைதான். பூனா பக்கம் கேட்காவ் என்ற ஊரில் அவர் காப்பாற்றி வளர்த்த பெண்களே அச்சுக் கோர்த்தார்கள். எல்லாரும் ஒதுக்கிவைத்த விதவைகளின் கையில் வேதாகமத்தின் அச்செழுத்து! இதைக் கேட்ட அன்று எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

மேலூர் வாசகர்

அருமை அக்கா. இதை எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்லப்போகிறேன்.

நாகமலை

புதிதாக வருகிறேன். வேதாகமம் மட்டும்தானா கற்க வேண்டியது? நாம் வாழ்வது மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊரில். பக்கத்து வீட்டுக்காரர் மார்கழியில் பாடுவது என்ன என்றுகூடத் தெரியாமல் நாற்பது வருடம் வாழ்ந்துவிடுகிறோம்.

பசுமலை வாத்தியார்

நல்ல கேள்வி. ஜி.யு. போப் 1820இல் பிறந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் 1886இல் வெளியிட்டார். அதோடு ஓயவில்லை. 1900இல், தம் 80ஆம் வயதில், திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்டார். சைவர்கள் உருகிப் பாடும் நூலை ஒரு கிறிஸ்தவக் குரு அந்த வயதில் ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து கற்றிருக்கிறார். தன் விசுவாசத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை, அடுத்தவர் பக்தியைக் கொச்சைப்படுத்தவும் இல்லை. அயலானை நேசி என்ற கட்டளை இருக்கும்போது, அயலான் எதை நேசிக்கிறான் என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பது எப்படிச் சரியாகும்?

முழு மனதோடும் தேவனிடத்தில் அன்புகூர வேண்டும் என்று இயேசு சொன்னார். மனது என்பதில் கணக்கும் சட்டமும் மருத்துவமும் தமிழும் எல்லாம் அடக்கம்.

திருமங்கலம் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. பசுமலை ஐயா எழுதியதை மகனுக்கு அனுப்பினேன். "இரேனியு யார்?" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் மனது லேசாகிவிட்டது, கேள்வி மறுபடியும் ஆரம்பித்துவிட்டதே.

ஆயரிடம் பேசினேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளச் சொன்னார். மாற்கு சுவிசேஷத்தை எடுத்திருக்கிறோம், 16 அதிகாரம்தான். முதல் வாரம் விளக்கமே இல்லாமல், ஆளுக்கு ஒரு பகுதியாக வாசித்தோம். பழைய மொழிபெயர்ப்பையும் திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். வாசிக்கத் தெரியாதவர்கள் கேட்டு, தங்களுக்குத் தோன்றும் கேள்வியைச் சொல்கிறார்கள், இளையவர் ஒருவர் எழுதிக்கொள்கிறார். ஒவ்வொரு வாரமும் கடைசியில், இன்று படித்ததை வைத்து இந்த வாரம் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒன்றை முடிவுசெய்கிறோம். வைகைக்கரை தம்பிக்காகவே அதைச் சேர்த்தேன்.

இப்போது வந்திருக்கும் கேள்வி, பூ வியாபாரம் செய்கிற ஒரு அம்மா கேட்டது. மாற்கு 11இல் இயேசு அத்தி மரத்தைச் சபிக்கிறார். அது அத்திப்பழக் காலம் இல்லை என்று வசனமே சொல்கிறது. "சீசன் இல்லாத நேரத்துல மரம் என்ன செய்யும் பாவம்?" என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. அரசரடி தம்பி, உதவ முடியுமா?

அரசரடி மாணவர்

பூ வியாபாரம் செய்கிறவருக்குத்தான் பருவம் தெரியும், அவர் கேட்டதுதான் சரியான கேள்வி அக்கா.

அந்த அதிகாரத்தின் அமைப்பைப் பாருங்கள். 12 முதல் 14 வரை அத்தி மரம். 15 முதல் 19 வரை தேவாலயத்தில் காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்ப்பது. 20, 21இல் மறுபடியும் அத்தி மரம், பட்டுப்போயிருக்கிறது. மாற்கு இப்படி ஒரு சம்பவத்தை இரண்டாகப் பிரித்து நடுவில் இன்னொன்றை வைத்தால், இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறார் என்று அர்த்தம். 5ஆம் அதிகாரத்தில் யவீருவின் மகள் கதைக்கு நடுவில் பெரும்பாடுள்ள (தீராத இரத்தப்போக்குள்ள) பெண் வருவதும் இதே முறை. அத்திப்பழம் இஸ்ரவேலைக் குறிக்கும் அடையாளமாக எரேமியா 8:13, ஓசியா 9:10 போன்ற இடங்களில் வருகிறது. இலை நிறைய இருந்தும் கனி இல்லாத மரம் அங்கே தேவாலயத்தைப் பற்றிப் பேசுகிறது. ஜெபவீடு கள்ளர் குகையாகிவிட்டது என்பதுதான் நடுவில் உள்ள செய்தி.

ஆனால் "காலம் இல்லை" என்ற குறிப்பை மாற்கு ஏன் போட்டார் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. மரத்தின் மேல் கோபம் இல்லை, இது அடையாளச் செயல் என்று வாசகருக்குக் காட்டவே அந்தக் குறிப்பு என்பது ஒரு கருத்து. பருவத்துக்கு முன்னாலேயே இலையோடு சேர்ந்து சில பிஞ்சுகள் வரும், அதுகூட இல்லை என்பது இன்னொரு கருத்து. எனக்கு முதலாவது பொருத்தமாகப் படுகிறது. அந்த அம்மாவிடம் இரண்டையும் சொல்லி, அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டு இங்கே எழுதுங்களேன்.

வைகைக்கரை

அக்கா, திருமங்கலத்தில் எந்த ஆலயம், எத்தனை மணிக்கு? வருகிற வெள்ளிக்கிழமை வருகிறேன். கஞ்சி கொண்டுபோகும் அம்மாவையும் கூட்டி வருகிறேன், யோபுவைப் பற்றி அவருக்கும் ஒரு கேள்வி இருக்கிறதாம்.